முகக்கவசம் உடலுக்கும் மனதுக்கும் என்ன செய்கிறது?



சென்ற மாதம் எமது வானொலியின் வியாழக்கிழமை இரவு நிகழ்ச்சியில் முகக்கவசம் பற்றிப் பேசினேன். “கொவிட் காலம் கடந்து இத்தனை வருடம் ஆச்சே அண்ணை, இனி இதில கதைக்க என்ன இருக்கு?” என்று ஒலிக்கட்டுப்பாட்டில் இருக்கும் தம்பி கேட்டார். நிகழ்ச்சி முடியும்வரை தொலைபேசி ஓயவில்லை. நேரம் போதாமல் பலருடைய அழைப்பை எடுக்கவும் முடியவில்லை. பேசியதை எழுத்தில் தரும்படி கேட்டவர்களுக்காகச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் வைத்தியர் அல்லன். ஊரில் வணிகம் படித்து, இங்கே கணக்காளராகத் தொழில் செய்பவன். ஒரு தொகை வந்தால் அது எந்தப் பக்கத்தில் பதியப்பட வேண்டியது, அதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது என் தொழிலின் பழக்கம். முகக்கவசம் பற்றி எம்மவர் மத்தியில் உலாவுகிற கதைகளையும் அப்படித்தான் பார்க்க முயன்றிருக்கிறேன். உங்கள் சொந்த நோய் நொடிகளுக்கு உங்கள் குடும்ப வைத்தியரைக் கேளுங்கள்.

ரொறன்ரோவில் 2020 யூலை 7 முதல் கடை, அலுவலகம் போன்ற உள்ளிடங்களில் முகக்கவசம் கட்டாயமாயிற்று. ஒன்ராறியோவில் பெரும்பாலான இடங்களில் 2022 மார்ச் 21 அன்றும், பஸ், சுரங்க ரயில், வைத்தியசாலை போன்றவற்றில் அதே வருடம் யூன் 11 அன்றும் மாகாணத்தின் கட்டளை நீங்கியது. ஆனால் வீட்டு அலுமாரியில் இருந்து பெட்டி போகவில்லை. குளிர்காலத்தில் நோய் பரவினால் முதியோர் இல்லத்து வாசலில் மீண்டும் கேட்கிறார்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் தாங்களாகவே அணிகிறார்கள். 2023 யூனில் கியூபெக் காட்டுத்தீயின் புகை ரொறன்ரோவை மூடியபோது, கிருமிக்குப் பயப்படாதவர்களும் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தார்கள்.

ஸ்காபரோக்காரருக்கு இது 2020இல் அறிமுகமான பொருளும் அல்ல. 2003இல் ஹொங்கொங்கில் இருந்து திரும்பிய ஒருவர் மூலம் சார்ஸ் இங்கு வந்து, மார்ச் மாதம் ஸ்காபரோ கிறேஸ் வைத்தியசாலையில் பரவத் தொடங்கியது. அந்த வருடம் கனடாவில் 44 பேர் சார்ஸினால் இறந்தார்கள். அது வரிக்காலம். படிவங்களைக் கொண்டு வந்த எம்மவரில் சிலர் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு வந்து, கதைக்கும்போது மட்டும் அதைக் கீழே இழுத்துவிட்டுக் கதைத்தது ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஆர்ச்சி கம்பெல் ஆணைக்குழுவின் இறுதி அறிக்கை 2007 சனவரியில் வெளியாயிற்று. விஞ்ஞானம் முழுமையாக நிரூபிக்கும்வரை காத்திராமல் ஊழியர்களைக் காக்கும் நடவடிக்கையை எடுத்துவிட வேண்டும் என்பது அதன் முக்கியமான பாடம். வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கிற எம் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பாடம் எங்கள் வீடுகளுக்கு எவ்வளவு கிட்டியது என்பது தெரியும்.

ஆகவே போடலாமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. போட வேண்டிய இடத்தில் போடத்தான் வேண்டும். போடுகிறபோது எங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய விடயம். முதலில் உடல்.

கூடுதலாக வந்த கேள்வி மூச்சைப் பற்றியது. “மாஸ்க் போட்டால் ஒட்சிசன் குறையுமாம், நாங்கள் வெளியில் விட்ட காபனீரொட்சைட்டையே திரும்ப எடுக்கிறோமாம், மூளை பழுதாகுமாம் என்று வட்ஸ்அப்பில் வந்தது, உண்மையோ?” என்று பலர் கேட்டார்கள்.

அளவுகளைப் பாருங்கள். ஒட்சிசன் மூலக்கூறு ஒன்றின் பருமன், ஒரு மில்லிமீற்றரை ஏறத்தாழ முப்பது இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. கொரோனாக் கிருமி, ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதாவது கிருமி ஒட்சிசனைவிட ஏறத்தாழ முந்நூறு மடங்கு பெரியது. முகக்கவசத்தின் நார்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் இரண்டையும்விடப் பெரியவை. வாயுக்கள் அதனூடாகத் தங்குதடையின்றிப் போய்வருகின்றன.

“அப்ப கிருமியும் போகுமே?” என்று ஒரு நேயர் மடக்கினார். நல்ல கேள்வி. மாவரிக்கிற அரிதட்டுப் போல இது வேலை செய்வதில்லை. கிருமி பெரும்பாலும் எச்சில், சளியின் நுண்துளிக்குள் இருந்தபடியே வரும். பல அடுக்கு நார்களுக்கு இடையே வளைந்து வளைந்து போகும்போது துளிகள் நாரில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. என்-95 வகையில் பொலிபுரொப்பிலீன் நார்களுக்கு நிலைமின்னேற்றமும் கொடுத்திருக்கிறார்கள். தலை இழுத்த சீப்பு கடதாசித் துண்டை இழுப்பதுபோல அந்த நார் துகளை இழுத்துப் பிடிக்கும். பிடிப்பதற்கு மிகக் கடினமான, 0.3 மைக்கிரோமீற்றர் அளவுத் துகள்களில் குறைந்தது 95 வீதத்தை மறிப்பதால்தான் அந்தப் பெயர். (கழுவிக் காயப்போட்டுத் திரும்பப் போடுகிற அம்மாமாருக்கு ஒரு வார்த்தை: சவர்க்காரம் பட்டால் அந்த மின்னேற்றம் கெட்டுவிடும். துணியில் தைத்ததைக் கழுவுங்கள், என்-95ஐக் கழுவ வேண்டாம்.)

இது தத்துவம். பற்றுச்சீட்டும் இருக்கிறது. 2020இல் ஹமில்ரன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 25 பேரின் இரத்த ஒட்சிசன் அளவை விரலில் மாட்டும் கருவியால் பார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 76.5. மூன்று அடுக்கு முகக்கவசம் போடுவதற்கு முன் ஒரு மணி நேரம், போட்டிருக்கும்போது ஒரு மணி நேரம், கழற்றிய பின் ஒரு மணி நேரம் அளந்தார்கள். சராசரி முறையே 96.1, 96.5, 96.3 வீதம். குறையவில்லை. இருபத்தைந்து பேர் என்பது சிறிய தொகை. சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறவைக்கக்கூடிய இதய, சுவாச நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எங்கள் அம்மம்மா, அப்பப்பா வயதுக்காரரை, எங்கள் மாகாணத்திலேயே அளந்த கணக்கு அது.

மறுபக்கக் கணக்கும் ஒன்று வந்தது. முகக்கவசம் போட்ட சிறுவர்கள் உள்ளே எடுக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு ஆபத்தான அளவுக்குக் கூடுகிறது என்று 2021 யூன் 30 அன்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிறுவர் மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அளந்த முறை சரியா என்று பல நிபுணர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆய்வாளர்கள் கொடுத்த பதில் போதாது என்று சஞ்சிகையே மூன்று வாரம் முடிவதற்குள் அதை மீளப்பெற்றுக்கொண்டது. வெளியான செய்தி எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்தது. மீளப்பெற்ற செய்தி என்னுடைய தொலைபேசிக்கு ஒருவராலும் அனுப்பப்படவில்லை.

இதற்காக, மூச்சு முட்டுகிறது என்று சொல்பவரைப் பொய்க்காரர் ஆக்கிவிடாதீர்கள். மூச்சு முட்டுகிற உணர்வும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதும் இரண்டு வேறு விடயங்கள். முகத்தின் தோலிலும் மூக்கினுள்ளும் உள்ள நரம்புகள், குளிர்ந்த காற்று ஓடுகிறதா என்று எந்நேரமும் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நுரையீரல் நோயாளிகளுக்கு ஒரு சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தால் இளைப்பு உணர்வு தணியும் என்பது வைத்தியர்களும் தாதிமாரும் பயன்படுத்துகிற முறை. ஒட்சிசன் கூடாமலே ஆறுதல் வருகிறது. முகக்கவசம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. உங்கள் சொந்த மூச்சின் சூடும் ஈரமும் முகத்திலேயே தங்குகின்றன. காற்று ஓடவில்லை என்று நரம்பு சொல்ல, மூச்சுப் போதவில்லை என்று மூளை முடிவெடுக்கிறது. உள்ளே இழுக்கக் கொஞ்சம் கூடுதலான பலமும் வேண்டும், என்-95இல் அது தெளிவாகத் தெரியும். நல்ல நுரையீரல் அதைச் சமாளிக்கும். கடுமையான ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதயம் பலவீனமானவர்கள் வைத்தியரைக் கேட்காமல் நெடுநேரம் அணிய வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும், தானாகக் கழற்ற இயலாதவருக்கும் போடவே கூடாது. படுக்கையில் இருக்கும் தாய் தகப்பனைப் பராமரிக்கிறவர்கள் இதைக் கவனத்தில் எடுங்கள். நீங்கள் போடுங்கள், அவருக்குப் போடாதீர்கள்.

தலையிடி என்பது உண்மையான செலவு. சார்ஸ் காலத்தில் என்-95 அணிந்து வேலை செய்த சிங்கப்பூர் சுகாதார ஊழியர்கள் 212 பேரைக் கேட்டபோது 37.3 வீதமானோர் அதனால் தலையிடி வந்தது என்றார்கள். 2020இல் அங்கே 158 ஊழியர்களைக் கேட்டபோது 128 பேர் புதிதாகத் தலையிடி வந்ததாகச் சொன்னார்கள். அவர்கள் கண்ணாடிக் கவசமும் சேர்த்து அணிந்தவர்கள். தலையைச் சுற்றி இறுகும் பட்டி, நெற்றியிலும் பிடரியிலும் தோலுக்கு அடியில் ஓடுகிற நரம்புகளை அழுத்துவது ஒரு காரணம். மற்றக் காரணத்தை முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிற ஒரு சகோதரி நிகழ்ச்சியில் சொன்னார்: “கழற்றப் பஞ்சியில தண்ணி குடிக்கிறேல்ல அண்ணா. எட்டு மணித்தியாலம்.” தண்ணீரும் இல்லை, தேநீரும் இல்லை என்றால் முகக்கவசம் இல்லாமலும் தலை இடிக்கும். இடைவேளைக்கு வெளியே போய்க் கழற்றி ஐந்து நிமிடம் நிற்பது உங்கள் உரிமை என்று அவருக்குச் சொன்னேன்.

தோலுக்கும் அப்படித்தான். சார்ஸ் காலத்துச் சிங்கப்பூர் ஆய்வு இன்னொன்றில், என்-95ஐத் தொடர்ந்து அணிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தோல் தொல்லை சொன்னார்கள். அதிகம் சொல்லப்பட்டது முகப்பரு, அடுத்தது கடி. வேர்வையும் உராய்வும்தான் காரணம். ஈரமானதை மாற்றினால் பெரும்பாலும் தணியும். தாடி வைத்த தம்பிமார் ஒன்றை அறிய வேண்டும்: தாடிக்கு மேல் என்-95 முகத்தோடு ஒட்டாது. காற்று பக்கத்தால் போய்வரும். அது போட்டதாகக் கணக்கில் வராது.

கண்ணாடி அணிபவர்களின் துன்பம் எங்கள் குளிரில் சொல்லி முடியாது. மார்கழி மாதம் வெளியில் இருந்து கடைக்குள் நுழைந்த உடனே உலகம் வெள்ளையாகிவிடும். பகிடியாகத் தோன்றினாலும், முதியவர்களுக்கு இதில் ஆபத்து இருக்கிறது. முகக்கவசத்தின் மேல்விளிம்பு, கீழே பார்க்கிற பார்வையின் ஒரு பங்கை மறைக்கிறது. படியின் விளிம்பும் பனிக்கட்டியும் அந்தப் பங்கில்தான் இருக்கின்றன. மூக்குக் கம்பியை நன்றாக அழுத்தி, கண்ணாடியை அதற்கு மேல் வையுங்கள். படியில் தலையைக் குனிந்து பார்த்து இறங்குங்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அது கொவிட்டை விட நீண்ட கதை.

உடலின் கணக்கு இவ்வளவுதான். தொல்லை உண்டு, பெரும்பாலானவர்களுக்குப் பாரதூரமான தீங்கு இல்லை. மனதின் பக்கத்தைப் பார்க்கும்போது தொகைகள் பெரிதாகின்றன.

யோர்க் பல்கலைக்கழகம் எங்களில் பலருடைய பிள்ளைகள் படிக்கும் இடம். அங்குள்ள ஆய்வாளர்கள் 2020இல் முகங்களை அடையாளம் காணும் பரீட்சை ஒன்றை முகக்கவசம் போட்ட படங்களோடும் போடாத படங்களோடும் வைத்தார்கள். மறைத்தபோது திறமை ஏறத்தாழ 15 வீதம் குறைந்தது. பிறகு மாதக்கணக்காக எல்லோரும் அணிந்து பழகிய பின் மீண்டும் பார்த்தார்கள். வளர்ந்தவர்களில் முன்னேற்றமே இல்லை. மூளை ஒரு முகத்தைக் கண், மூக்கு, வாய் என்று துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை, முழுதாகப் பிடிக்கிறது. பாதியை மறைத்தால் மீதிப் பாதி பழைய வேலையைச் செய்யாது. தெருவில் என்னைக் கண்டும் காணாமல் போனார் என்று கோபித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

உணர்ச்சியும் அப்படியே. ஜேர்மனியின் பம்பேர்க் பல்கலைக்கழகத்தில் 2020இல் செய்த பரிசோதனையில், முகக்கவசம் போட்ட முகத்தில் சந்தோசத்தையும் கவலையையும் கோபத்தையும் பலர் ‘ஒன்றுமில்லை’ என்று வாசித்தார்கள். அருவருப்பைக் கோபம் என்று வாசித்தார்கள். ஒரு தாதி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார், உங்களுக்கு அவர் வெறுமனே பார்ப்பதாகப் படுகிறது. புதிய நாட்டில் மொழி போதாமல் இருக்கிற ஒருவருக்கு எதிரே இருப்பவரின் சிரிப்புத்தான் பாதி மொழிபெயர்ப்பாளர். எங்களுடைய முதல் பத்து வருடங்களை நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது காது. இது என் இரண்டாவது வேலை சம்பந்தப்பட்டது. ஒலிவாங்கிக்கு முன் சாதாரண சத்திரசிகிச்சை முகக்கவசத்துடன் பேசினால், ஒலியின் உயர்ந்த அதிர்வெண்கள் மூன்று நான்கு டெசிபல் குறைகின்றன. என்-95இல் ஏறத்தாழ 12 டெசிபல் குறையும். 2000 ஹேர்ட்ஸ் தொடக்கம் 7000 ஹேர்ட்ஸ் வரையான பகுதி அது. குரலின் சத்தம் அப்படியே கேட்கும். ஆங்கிலத்தின் எஸ், எஃப், தீ போன்ற சொல்லைப் பிரித்துக் காட்டுகிற ஓசைகள் மங்கிப்போகும். வயது போகும்போது காது முதலில் இழப்பதும் இதே உயர்ந்த அதிர்வெண்களைத்தான். எனவே எழுபது வயதுக்காரருக்கு ஒரே இடத்தில் இரண்டு கழிவு விழுகிறது.

அதோடு நாங்கள் கண்ணாலும் கேட்கிறோம். 1976இல் மக்கேர்க், மக்டொனால்ட் என்ற இருவர் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். ‘க’ என்று வாயசைக்கிற படத்துக்கு ‘ப’ என்ற ஒலியைப் பூட்டினால், பார்ப்பவருக்கு ‘ட’ போன்ற வேறோர் ஓசை கேட்கிறது. கண்ணை மூடினால் மறுபடி ‘ப’. உதட்டைப் பார்ப்பது செவிடருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை, எல்லோரும் அறியாமலே செய்கிறோம். சத்தமான இடத்திலும் இரண்டாம் மொழியிலும் இன்னும் கூடுதலாகச் செய்கிறோம்.

ஒரு நேயர் சொன்னதைக் கேளுங்கள். அவருடைய தாயாருக்குச் சலரோகம். மருந்துக்கடையில் முகக்கவசத்தோடும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலும் நின்றவர் இன்சுலின் அளவைச் சொல்லியிருக்கிறார். அம்மா தலையாட்டி, “யெஸ், யெஸ்” என்று வாங்கி வந்துவிட்டார். சொன்னது ‘ஃபிஃப்ரீன்’. அம்மாவின் காதில் விழுந்தது ‘ஃபிஃப்ரி’. பதினைந்துக்குப் பதில் ஐம்பது. அன்றிரவு மகள் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்ததால் தப்பினார்கள். இந்த இரண்டு எண்களும் முகக்கவசம் இல்லாமலே குழம்பக்கூடியவை. விளங்காதபோது “யெஸ்” சொல்லிவிடுகிற எங்கள் பழக்கமும் இதில் பங்காளி. திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

இன்னொரு அழைப்பு வந்தது. அதைப் பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். அழைத்த சகோதரி பெயர் சொல்லாமல் எழுதச் சொன்னார்.

‘முகக்கவசம்’ என்ற சொல் எங்களில் பலருடைய வாய்க்கு 2020இல்தான் வந்தது. அதற்கு முன் இருந்த சொல் ‘முகமூடி’. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் சுற்றிவளைப்பைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஊரைச் சுற்றி வளைத்து, ஆட்களைப் பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் வீதியிலோ கூட்டி, வரிசையாக நடக்க விடுவார்கள். தலையைச் சாக்கினால் மூடி, கண்ணுக்கு மட்டும் துவாரம் விட்ட ஒருவர் அங்கே இருத்தப்பட்டிருப்பார். தலையாட்டி என்போம். அவர் தலையை ஆட்டினால் நடந்துகொண்டிருப்பவர் பிடிபடுவார். போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. பார்க்கிறது இரண்டு கண் மட்டும். அது யாருடைய கண், என்ன நினைக்கிறது என்று தெரியாது.

அந்தச் சகோதரியின் தகப்பனார் 2020இல் இரத்தப் பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மருந்து முடிந்தது, வைத்தியர் தொலைபேசியில் கூப்பிட்டார், போகவில்லை. கிருமிக்குப் பயம் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள் அவராகச் சொன்னாராம்: “எல்லாரும் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு பேரைக் கூப்பிடுறாங்கள். எனக்கு அந்த வரிசையில இருக்கேலாது.”

இன்னும் கடுமையானதும் உண்டு. பெற்றோல் விட்ட பிளாஸ்ரிக் பையைத் தலையில் போட்டுக் கழுத்தில் இறுக்குகிற சித்திரவதை இலங்கையில் நடந்ததை மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கின்றன. அதை அனுபவித்தவர்கள் எங்கள் நகரத்தில் எங்களோடு வாழ்கிறார்கள். பலர் மனைவிக்கும் சொல்லவில்லை. அப்படியானவருக்கு மூக்கையும் வாயையும் மூடிய சூடான ஈரக் காற்று வெறும் அசௌகரியம் இல்லை. ஒட்சிசன் 98 வீதம் என்று கருவி காட்டும், உடல் அந்த அறைக்குத் திரும்பிப் போயிருக்கும்.

அப்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது உதவும். பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறி, இரத்தத்தில் குறைந்துவிடுகிறது. விரல் நுனியும் உதடும் விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். முகக்கவசம்தான் காபனீரொட்சைட்டைக் கூட்டி மயக்குகிறது என்று அவர் நம்புவார். நடப்பது அதற்கு நேர் எதிர். அந்த நேரம் ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்லாதீர்கள். வெளியே விடுவதை மெதுவாக்கச் சொல்லுங்கள். மூக்கால் மெல்ல எடுத்து, சூடான தேநீரை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் ஊதி விடவேண்டும். ஆளில்லாத திறந்த இடத்துக்குக் கூட்டிப்போய்க் கழற்றவிடுங்கள். நெஞ்சு நோ முதல் தடவையாக வந்தால், அல்லது தணியாவிட்டால், இதைப் பயம் என்று நீங்களே தீர்மானிக்காமல் 911ஐ அழையுங்கள்.

காரணம் தெரிந்தால் வழி இருக்கிறது. தாதியோ வைத்தியரோ ஒரு நிமிடம் தள்ளி நின்று முகத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு மூடலாம். முகக்கவசப் பெட்டியை வீட்டில் வைத்து, முதலில் கையில் பிடித்து, பிறகு முகத்துக்கு முன் பிடித்து, பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று தன் கையாலேயே போட்டுக் கழற்றிப் பழகலாம். எப்போதும் கழற்றலாம் என்ற அதிகாரம் தன் கையில் இருப்பது பெரிய வித்தியாசம். ரொறன்ரோவில் சித்திரவதைக்குள்ளானவர்களுக்கான கனடிய நிலையம் 1977 தொடக்கம் இயங்கி வருகிறது. குடும்ப வைத்தியரிடம் ‘ஊரில் நடந்த ஒன்று’ என்று தொடங்கினாலே போதும், முழுக் கதையும் முதல் நாளே சொல்லத் தேவையில்லை. மேலே சொன்ன ஐயா, மகளோடு காலையில் ஆட்கள் குறைந்த நேரத்துக்குப் பதிவு எடுத்து இப்போது போய்வருகிறாராம்.

கழற்ற மாட்டாத பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு தாய்மார் கேட்டார்கள். பதின்ம வயதில் முகப்பருவோடும் பல்லுக் கம்பியோடும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் அது நல்ல மறைப்பாக இருந்தது. யப்பானில் இதற்கு ‘முக உள்ளாடை’ என்று பொருள்படும் ஒரு பெயரே வந்துவிட்டது, கழற்றினால் அவ்வளவு கூச்சமாம். பிள்ளை சிநேகிதரோடு சிரித்துக் கதைத்து, சாப்பிட்டு, வெளியே போய்வந்தால் விட்டுவிடுங்கள். சாப்பாட்டு மேசைக்கும் வராமல் அறைக்குள்ளேயே இருந்தால் விடயம் முகக்கவசத்தைப் பற்றியது இல்லை. அதற்கு ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

கடைசியாக வைத்தியசாலைக்குப் போகும்போது செய்யக்கூடியவை. காது கேட்கும் கருவி போடுபவர்கள், பட்டியைக் காதில் மாட்டாமல் பின்தலையில் கட்டுகிற வகையை வாங்குங்கள். கழற்றும்போது கருவியும் சேர்ந்து பறந்து தொலைந்த கதைகள் எத்தனையோ கேட்டுவிட்டேன், அதன் விலையும் உங்களுக்குத் தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்புத் தருகிற வைத்தியசாலைகள் உண்டு. தொலைபேசியில் பேசுபவர் முகக்கவசம் போட்டிருக்க மாட்டார் என்பதால் சில வேளை அறைக்குள் நிற்பவரைவிட அவர் சொல்வது தெளிவாகக் கேட்கும். மருந்தின் அளவை நீங்கள் திரும்பச் சொல்லிக் காட்டுங்கள். எண்ணை விரலால் காட்டுங்கள், பதினைந்து என்றால் ஒன்று, ஐந்து. விளங்கவில்லையென்றால் “யெஸ்” சொல்லாமல் “ப்ளீஸ், ரைற் இற் டவுண்” என்று சொல்லுங்கள். எழுதித் தாருங்கள் என்று அர்த்தம். பேரப்பிள்ளையைக் கொண்டு அதைத் தமிழில் பெரிதாக எழுதுவித்து, சுகாதார அட்டை வைக்கிற அதே பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.